பழைய ஸ்வெட்டர் மெஷினை இரும்புக் கடையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் பெரியவர்கள் தவறிப்போய் வீட்டுச் சாமான்களைப் பிரிக்கும்போதும், பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று குடிபோகும்போதும் பல வீடுகளில் பரணிலிருந்து ஒரு நீளப் பெட்டி இறங்கும். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். திறந்தால் வரிசையாக 200 ஊசிகள், அதன்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற ஒரு கைப்பிடி வண்டி. கையால் ஓட்டுகிற நிட்டிங் மெஷின். நாங்கள் ஸ்வெட்டர் மெஷின் என்போம். யாராவது ஒருவர் வண்டியைத் தள்ளிப் பார்ப்பார், பாதியில் சிக்கிக்கொள்ளும், "இது போச்சு" என்பார், மறுநாளே அது பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடும். எங்கள் தெருவிலேயே சமீபத்தில் ஒன்று இப்படிப் போனது, கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போயிருப்பது ஒரே ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை.

எங்கள் வீட்டில் இருப்பது ஜப்பான் பிரதர் கம்பெனியின் கே.ஹெச். 830. சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் மூலமாக அத்தை வாங்கினார், அதில் பள்ளிக்கூட ஸ்வெட்டர் போட்டுத்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அவருக்குப் பார்வை மங்கிய பிறகு பல வருடம் மூடியே கிடந்தது. ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் காட்டினோம். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராதும்மா, கொடுத்தா எடைக்கு எடுத்துக்கறேன்" என்றார். அதே மெஷினில், கம்பெனி பாகம் எதுவும் வாங்காமல், இந்தக் குளிருக்கு அத்தையின் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறோம்.

விஷயம் இதுதான். ஊசிகள் எல்லாம் இரும்புத் தட்டில் தனித்தனிப் பள்ளத்தில் படுத்திருக்கும். அவற்றுக்கு மேலே குறுக்காக ஒரு நீளத் தகடு, அதன் அடிப்பக்கம் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். ஊசிகளைக் கீழே அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் அந்த ஸ்பாஞ்சின் வேலை. மெஷின் ஓடினாலும் சரி, ஓடாமல் கிடந்தாலும் சரி, வருடங்கள் போகப் போக அது நைந்து, பொடிந்து, சிலதில் கருப்புப் பசையாகவே ஆகிவிடும். பிடிமானம் போனதும் ஊசிகள் மேலெழும்பும், வண்டி வந்து இடிக்கும். அந்த நேரத்தில் பலம் போட்டுத் தள்ளினால்தான் ஊசி வளைவதும், அதன் கொக்கியை மூடித் திறக்கிற குட்டி நாக்கு முறிவதும். நன்றாக இருந்த மெஷினுக்கு உண்மையான சேதம் அப்போதுதான் வருகிறது.

சிக்கினால் தள்ளவே வேண்டாம். வண்டியின் முன்னால் இருக்கும் தட்டைக் கையாலேயே கழற்றலாம், இரண்டு திருகுதான். அதை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் குமிழை சி.ஆர். என்ற இடத்துக்குத் திருப்பினால் வண்டி அப்படியே மேலே தூக்க வரும்.

ஸ்பாஞ்சு போய்விட்டதா என்று பார்க்க ஓர் ஊசியை முழுக்க முன்னால் தள்ளி அதன் தலையை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. லொடலொட என்று ஆடினால் ஸ்பாஞ்சு போய்விட்டது. தகட்டை ஒரு முனையில் மெல்லத் தள்ளினால் மறுமுனையில் வெளியே வரும், அப்படியே உருவிவிடலாம். பழைய ஸ்பாஞ்சையும் பசையையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், கொஞ்சம் விட்டாலும் புதிது சரியாக உட்காராது. கதவு ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ஸ்பாஞ்சு டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, அதை அகலம் பார்த்து வெட்டி ஒட்டலாம். தடிமனில் மட்டும் கவனம் வேண்டும். தடிமன் கூடினால் தகடு உள்ளே போகாது, போனாலும் வண்டி மூச்சு முட்டுகிற மாதிரி கனமாக ஓடும். குறைந்தால் பழையபடி ஊசி ஆடும். திரும்பச் செருகும்போது ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும், அடி ஸ்கேலால் ஊசிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் தள்ள ஒருவர் பிடித்தால் சுலபம். இந்த ஸ்பாஞ்சு நிரந்தரம் இல்லை, சில வருடங்களில் திரும்ப மாற்றத்தான் வேண்டும். செலவு மிகவும் குறைவு என்பதால் அது ஒரு பொருட்டே இல்லை.

தகடு வெளியே இருக்கும்போதே ஊசிகளையும் பார்த்துவிடுங்கள். முன்னால் தள்ளி, நாக்கை மூடி, கொக்கியைக் கீழே அழுத்தினால் பின்பக்கம் எழும்பும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். எங்கள் ஊரில் மழை மாதங்களில் துணியே காயாது, ஊசியில் துரு இல்லாமல் எப்படி இருக்கும்? நாக்கு தானாகத் திறந்து மூடுகிறதா, கொக்கி வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தக் குட்டி நாக்கு பெரிய கண்டுபிடிப்பு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட் 1849-ல் காப்புரிமை வாங்கியது, திருப்பூரில் இன்று ராப்பகலாக ஓடுகிற பனியன் துணி மெஷின்களிலும் அதே நாக்கு ஊசிதான். பழுதான ஊசிகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. யாரும் 200 ஊசியும் நிறைய அகலமாகப் பின்னுவது அபூர்வம், அதனால் நடுவில் இருப்பவை தேய்ந்திருக்கும், இரண்டு ஓரத்திலும் இருப்பவை புதிதாகவே இருக்கும். ஓரத்து ஊசிகளை நடுவுக்கு மாற்றி, சுமாரானவற்றை ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், புது ஊசி வாங்கவே இல்லை.

அடுத்தது எண்ணெய். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசோடு செய்கிற கெடுதல் இது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பாட்டிலில் கட்டியாக நிற்பதைத் தினமும் பார்க்கிறோம், வண்டிக்குள்ளும் அதேதான் நடக்கும். சமையல் எண்ணெய்களும் காலப்போக்கில் பிசின் ஆகிவிடும். வண்டியைக் கவிழ்த்து வைத்து, செல்போன் ரிப்பேர் கடைகளில் சர்க்யூட் துடைக்க வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைத் தொட்டு, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேயுங்கள். காய்ந்த பழைய எண்ணெய் பழுப்பாகக் கரைந்து வரும், அசையாமல் இருந்த பட்டன்களும் நெம்புகளும் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பிக்கும். திருகுகளை எல்லாம் கழற்றி உள்ளே போக வேண்டிய தேவை அநேகமாக வராது. முன்தட்டில் இருக்கும் சின்ன பிரஷ் சக்கரங்களில் பழைய நூல் சுற்றியிருக்கும், அதை ஊசியால் எடுத்துச் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள், ஓரத்துக் கண்ணி, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையம், நழுவி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். வேண்டாத நூலில் கொஞ்ச தூரம் பின்னி எண்ணெயை வாங்கவிட்டு அப்புறம் நல்ல நூலைப் போடுங்கள்.

நூல் விஷயத்திலும் பலர் மெஷினைத்தான் குறை சொல்கிறார்கள். பக்கத்தில் திருப்பூர் இருக்கிறதே என்று பனியன் நூல் கோன் வாங்கி மாட்டினால், அது இந்த மெஷினுக்கு ரொம்ப மெலிசு, இதில் ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளி. காட்டனுக்கு இழுவையும் குறைவு, அதனால் பழகும்வரை லூதியானா அக்ரிலிக் நூலே நல்லது. நூல் முரடாக ஓடினால் மெழுகுவத்தியில் லேசாக உரசி ஓட விடலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் மலிவு ஸ்வெட்டர்களில் நிறைய, துணியாகப் பின்னி வெட்டித் தைத்தவை. வெட்டிய துணியைப் பிரித்தால் துண்டு நூல்தான் வரும். வீட்டு மெஷினில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று அந்தந்த வடிவத்திலேயே பின்னுகிறோம், வெட்டுவதே இல்லை, நூலும் வீணாகாது. பிள்ளை வளர்ந்தால் கையின் முனையைப் பிரித்து நீளம் கூட்டலாம். கிழிந்தால் முழுக்கப் பிரித்து நூலைத் திரும்ப எடுக்கலாம். ஆறு மாதம் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாத ஊரில், ஒரு பெண் வீட்டில் இருந்தபடியே கரண்ட் கூட இல்லாமல் சம்பாதிக்க ஒரு வழி இது. இதை இரும்பு விலைக்கு விடுவது எனக்குத் தாங்கவில்லை.

பிரதர் கம்பெனி வீட்டு நிட்டிங் மெஷின் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆகவே இருப்பவற்றைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. திருப்பூரில் டி-சர்ட்டுக்குக் காலர் பின்னுகிற மெஷின்களும் இதே குடும்பம்தான், தட்டையான இரும்புத் தட்டில் ஊசி வரிசை, மேலே வண்டி. அந்த மெக்கானிக்குகளுக்கு இது தெரியாத வேலையே இல்லை. திருப்பூர் ஊசிக் கடைக்காரர்கள் வீட்டு மெஷின் ஊசியையும், அளவாக வெட்டிய ஸ்பாஞ்சையும் கொஞ்சம் வரவழைத்து வைத்தால், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று வாங்க ஆள் இருக்கிறார்கள். மலைப்பகுதி ஐ.டி.ஐ.களில் தையல் படிக்கும் பெண்களுக்கு இரண்டு வாரம் இதைச் சொல்லிக்கொடுத்தாலும் போதும், ஊருக்கு ஒருவர் தேறிவிடுவார். மகளிர் குழுக்களுக்குப் புது மெஷின் வாங்கக் கடன் கொடுக்கும்போது, பழையதைச் சரிசெய்யவும் ஒரு சின்னத் தொகை கொடுக்கலாமே.

எலக்ட்ரானிக் மாடல்களுக்கும் வழி இருக்கிறது. பிரதரின் கே.ஹெச். 910, 930 போன்றவற்றில் மூளையாக இருக்கும் போர்டு செத்துப்போனால் முன்பு ஒன்றும் செய்ய முடியாது. இப்போது ஏ.ஒய்.ஏ.பி. என்ற பெயரில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறந்த வடிவமைப்பு இருக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை அப்படியே ஸ்வெட்டரில் டிசைனாகக் கொண்டுவரலாம். கோவை பொறியியல் மாணவர்கள் கடைசி வருட பிராஜெக்டுக்கு இதை எடுத்துச் செய்து பார்க்கலாம்.

உங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை போட்டால் பெரிய உதவியாக இருக்கும், ஸ்பாஞ்சுத் தகடு எங்கே இருக்கிறது என்று ஒரு படம் போட்டாலே பாதிப் பேர் தாங்களாகவே சரிசெய்துகொள்வார்கள்.

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மெஷின் உங்களுக்கு வேண்டாம் என்றால் பின்னத் தெரிந்த யாருக்காவது கொடுங்கள், கொடுக்கும்போது கூடவே இருக்கும் சின்ன டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள். கண்ணி மாற்றுகிற சின்னக் கருவிகள், தொங்கவிடும் எடைகள், 24 கண்ணி டிசைனுக்கு ஓட்டை போட்ட பஞ்ச் கார்டு அட்டைகள், கையேட்டுப் புத்தகம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஸ்பாஞ்சை ஹார்டுவேர் கடையில் வாங்கிவிடலாம், இவற்றைத் தனியாகத் தேடி வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்