புதிய மைய நூலகத்துக்கும் அதன் பராமரிப்பு நிலைநிதிக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

நம் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டுமானப் பணி நடைபெறாத பகுதி இப்போது அரிதாகிவிட்டது. மாணவர் சேர்க்கை ஆண்டுதோறும் உயர்ந்துவருவதையும், அண்மையில் தொடங்கப்பட்ட துறைகள் பிற துறைகளிடம் இரவல் பெற்ற அறைகளிலேயே இயங்கிவருவதையும் கருத்தில் கொண்டு, அரசின் மூலதன ஒதுக்கீட்டிலிருந்து ஆய்வகத் தொகுதி ஒன்றையும் மாணவர் விடுதிகளையும் மைய நூலகத்துக்கான புதிய கட்டடத்தையும் எழுப்ப ஆட்சிக்குழு ஒப்புதல் அளித்தது, பணிகளும் தொடங்கிவிட்டன. இவற்றுள் நூலகத்தை முன்னிட்டே, முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் இந்நாள் மாணவர் பிரதிநிதிகளும் அடங்கிய இக்குழு உங்களிடம் நன்கொடை வேண்டி எழுதுகிறது.

அரசு கட்டித்தரும் கட்டடத்துக்கு எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள் என்பது, நாங்கள் சென்ற இடமெல்லாம் எதிர்கொண்ட முதல் கேள்வி. அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் நன்கொடை கேட்பது முறையாகாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வரும் பணம் இரு வகைப்படும். கட்டடம் கட்டவும் கருவிகள் வாங்கவும் ஒரே முறையாகத் தரப்படுவது மூலதன நிதி. சம்பளம், மின்சாரம், தண்ணீர், துப்புரவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தரப்படுவது நடைமுறை நிதி. ஒப்பந்ததாரர் சாவியை ஒப்படைக்கும் நாளோடு கட்டடம் முதல் கணக்கிலிருந்து வெளியேறி இரண்டாம் கணக்கின் பொறுப்பாகிவிடுகிறது. ஆனால் இரண்டாம் கணக்கு பெரும்பாலும் பணியாளர் எண்ணிக்கையையும் சென்ற ஆண்டின் செலவையும் வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறதே தவிர, வளாகத்தின் தளப்பரப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. ஆகவே புதிதாக எழும் ஒவ்வொரு கட்டடமும், ஏற்கெனவே போதாமல் இருக்கும் பழைய பராமரிப்புப் பணத்தில் பங்கு கேட்டுக்கொண்டுதான் திறப்புவிழா காண்கிறது. வளரும் வளாகங்கள் அனைத்திலும் இச்சிக்கல் உண்டு என்றாலும், விரைந்து வளரும் வளாகத்தில் இது விரைந்தே முற்றுகிறது. ஏனெனில் ஒரே காலத்தில் கட்டியவை ஒரே காலத்தில் பழுதடையும்.

பராமரிப்புக்கு எவ்வளவு தேவை என்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. பொதுக் கட்டடங்களைப் பற்றி அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 1990-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவில் 2 முதல் 4 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இத்தொகையை ஓர் ஆண்டு ஒதுக்காமல் விட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. அடித்தளமும் தூண்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கும். ஆனால் மேல்தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பு ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளிலும், நீரேற்றிகளும் குளிரூட்டிகளும் அதே அளவு காலத்திலும், மின்தூக்கி 20 முதல் 25 ஆண்டுகளிலும் தம் ஆயுளை முடித்துக்கொள்ளும். மேல்தளத் தடுப்பை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் ஈரம் முதலில் சுண்ணப்பூச்சில் தெரியும், பிறகு கம்பியில் துரு ஏறும், துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். தொடக்கத்தில் பூச்சு வேலையாக முடிந்திருக்க வேண்டியது, கடைசியில் கூரையையே மாற்றும் வேலையாகிவிடும்.

நூலகத்துக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நீடித்தால் தாளிலும் பைண்டிலும் பூஞ்சை வளரத் தொடங்கும். வகுப்பறையில் ஒழுகினால் மேசையை நகர்த்திக்கொள்ளலாம்; நூலடுக்கின் மேல் ஒழுகினால் மறுபதிப்பே காணாத நூல்கள் ஒரே மழைக்காலத்தில் போய்விடும்.

இவ்வாறு நேர்ந்ததற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்துக்குக் குளோஸ்டர் கோமகன் ஹம்ப்ரி 15-ஆம் நூற்றாண்டில் 280-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளை நன்கொடையாக அளித்தார். அவற்றை வைப்பதற்கென்றே எழுப்பப்பட்ட அழகிய நூலகக் கூடம் 1488-இல் திறக்கப்பட்டது. அச்சுநூல்கள் பெருகிய காலத்தில் புதிய நூல்களை வாங்குவதற்கும் இருந்தவற்றைப் பேணுவதற்கும் பல்கலைக்கழகத்திடம் வருவாய் இல்லை. 1550-இல் சமயச் சீர்திருத்தத்தின் பெயரால் சுவடிகள் அகற்றப்பட்டன. 1556-இல் அக்கூடத்தின் மேசைகளே விற்கப்பட்டன. திறந்து 70 ஆண்டுகள் ஆவதற்குள் கட்டடம் மட்டும் நின்றது, நூலகம் மறைந்துபோயிற்று. 1598-இல் சர் தாமஸ் போட்லி அதை மீட்டெடுக்க முன்வந்தபோது, கூடத்தைச் செப்பனிட்டு நூல்களை நிரப்புவதோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் நூல் வாங்கவும், பணியாளர்களுக்கு ஊதியம் தரவும், இடத்தைப் பேணவும் நிலையான வருவாய் ஒன்றை ஏற்படுத்தித் தருவதாகத் தம் கடிதத்திலேயே உறுதி கூறினார். பின்னர் நிலத்திலிருந்தும் வீடுகளிலிருந்தும் வரும் வாடகையை நூலகத்துக்கென எழுதிவைத்தார். 1602-இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்நூலகம் 400 ஆண்டுகளைக் கடந்து இன்றும் இயங்குகிறது. சமயப் பூசல் மட்டுமே முதல் நூலகத்தை அழித்தது என்று சிலர் எழுதுவதுண்டு. பூசல் அடங்கிய பின்னும் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது ஏன் என்பதற்கு அவ்விளக்கம் போதாது என்பது எங்கள் கருத்து.

தமிழில் எழுதப்பட்ட கொடைக் கணக்குகளைப் படித்தவர்களுக்கு இந்த முன்யோசனை புதிதன்று. ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுவதில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று விட்டு, அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும், ஆட்டின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்றும் பொறித்துவைத்தார்கள். முதல் அழியாமல் விளைவைக் கொண்டு செலவு செய்யும் அந்த ஏற்பாட்டைத்தான் இன்று நிலைநிதி என்கிறோம்.

இனி எங்கள் கணக்கு. நிலைநிதியின் முதலைத் தொடாமல், ஆண்டுக்கு அதில் 4 விழுக்காட்டை மட்டும் செலவிடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. மிகுந்து வரும் வருவாய் முதலோடு சேர்க்கப்படும், இல்லையேல் விலைவாசி உயர்வு சில ஆண்டுகளில் நிதியைத் தின்றுவிடும். பராமரிப்புப் பரிந்துரையின் கீழ் எல்லையான 2 விழுக்காட்டை இந்நிதியிலிருந்தே முழுமையாகப் பெற வேண்டுமானால், கட்டட மதிப்பில் சரிபாதிக்கு நிகரான தொகை திரட்ட வேண்டியிருக்கும். அது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனவே பல்கலைக்கழகம் தன் நடைமுறை நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டைத் தவறாமல் தருவதாக எழுத்து மூலம் ஒப்புக்கொள்வதும், மற்றொரு விழுக்காட்டை நிலைநிதி தருவதும் என்று ஏற்பாடு செய்துள்ளோம். இதன்படி நாங்கள் திரட்ட வேண்டியது கட்டட மதிப்பில் நான்கில் ஒரு பங்கு. பல்கலைக்கழகம் தன் பங்கைச் செலுத்தத் தவறும் ஆண்டில் நிலைநிதியிலிருந்து பணம் விடுவிக்கப்படாது என்றும், அதன் காரணம் நன்கொடையாளர் அனைவருக்கும் தெரிவிக்கப்படும் என்றும் விதி வகுத்துள்ளோம். இது கண்டிப்பாகத் தோன்றலாம். நன்கொடை வருகிறது என்று தெரிந்தால் அரசுப் பணத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு; அதற்கு இடம் கொடுத்தால் உங்கள் பணம் நூலகத்துக்கு எதையும் கூடுதலாகச் சேர்க்காது.

நிலைநிதி தவிர, ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டில் இடம்பெறாமல் விடுபட்ட சில பணிகளுக்கும் உங்கள் உதவியை வேண்டுகிறோம். முதலாவது, நுழைவாயில் சாய்தளம். வெள்ளம் புகாதிருக்கக் கட்டடத்தின் அடிமட்டம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயர்த்தப்படுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் துணையின்றி ஏற வேண்டுமானால் சாய்வு 12-க்கு 1 என்ற விகிதத்தை மிஞ்சக்கூடாது; அப்படியானால் 14.4 மீட்டர் நீளமும், இடையில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். வரைபடத்தில் இருந்ததோ இதில் பாதி நீளம். அதைக் கட்டிவிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

அடுத்தது, நூலடுக்குகளின் எடை பற்றியது. வாசிப்புக் கூடத்தின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையைத் தாங்கினால் போதும். நூலடுக்குகள் நிற்கும் தளமோ 700 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் நகரும் அடுக்குகளுக்கு அதைப்போல இரு மடங்கு வேண்டும். சேகரிப்பு வளரும்போது வாசகர் இருக்கைகளை அகற்றி அங்கே அடுக்குகளை நிறுத்தும் நிலை வராதிருக்க, கீழ்த்தளம் முழுவதையும் நகரும் அடுக்குகளுக்கு ஏற்றவாறு இப்போதே வலுப்படுத்திவிட வேண்டும் என்று நூலகரும் கட்டமைப்புப் பொறியாளரும் ஒருசேரக் கூறுகின்றனர். தளம் வார்த்த பிறகு இதைச் செய்ய இயலாது. காலக்கெடு உள்ள ஒரே பணி இதுதான் என்பதால், முதலில் வந்துசேரும் நன்கொடைகள் இதற்கே ஒதுக்கப்படும்.

இரவு நேர வாசிப்புக்கான ஏற்பாடுகளும், விடுதிகளிலிருந்து நூலகம் வரை வெளிச்சமான நடைபாதையும் இப்பட்டியலில் அடங்கும். மழைநீர் வடிகாலும் அடங்கும். வடிகாலுக்கு இதுவரை யாரும் பெயர்ப்பலகை கேட்டதில்லை. கருத்தரங்கக் கூடத்துக்கு மட்டும் பலர் கேட்டுவிட்டார்கள். ஆனால் கருத்தரங்கக் கூடம் மதிப்பீட்டில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது, வடிகால்தான் இடம்பெறவில்லை.

பெயர் சூட்டுவது குறித்தும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். கட்டடத்துக்கோ கூடங்களுக்கோ நன்கொடையாளர் பெயர் வைக்கப்படாது. நன்கொடை அளித்த அனைவரின் பெயர்களும், தொகை குறிப்பிடப்படாமல், அகர வரிசையில் நுழைவுக் கூடத்தில் பொறிக்கப்படும். பெயர் வேண்டாம் என்பவர் விருப்பம் மதிக்கப்படும். பெருந்தொகை தரக்கூடிய சிலரை இம்முடிவால் இழக்க நேரும் என்று குழுவிலேயே வாதிடப்பட்டது. அவ்வாறு நேரலாம்தான். எனினும் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் மாணவர் உட்காரும் இருக்கை யாருடைய கொடை என்று அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தே பெரும்பான்மை பெற்றது. பணியாளர் நியமனம், நூல் தேர்வு, ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றில் எவ்வகையிலும் நிபந்தனை விதிக்கும் நன்கொடை ஏற்கப்படாது. கட்டுமான ஒப்பந்தத்தில் பங்குபெறும் நிறுவனங்களிடமிருந்தும் ஏற்கப்படாது.

சிறுதொகை அனுப்பத் தயங்குவோர் பலர் இருப்பதை அறிவோம். வேல்ஸ் நாட்டின் பேங்கர் நகரில் 1884-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அப்பகுதிக் கற்சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் தந்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1926-இல் கட்டத் தொடங்கிய 42 மாடிக் கோபுரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் 97,000 பேர் ஆளுக்கொரு செங்கல் வாங்கித் தருவதாக எண்ணிச் சிறுகாசு கொடுத்தார்கள். இத்தகைய கொடைகளில் தொகையைவிட எண்ணிக்கைக்கே மதிப்பு அதிகம். பல்லாயிரம் பேர் பங்குகொண்ட நிதியை எந்த நிர்வாகமும் எளிதில் வேறு கணக்குக்கு மாற்றிவிட முடியாது. ஒரே முறை தருவதைவிட மாதந்தோறும் சிறிதளவு தர ஒப்புக்கொள்வது நிலைநிதிக்கு மிகவும் உதவும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

பழைய நூல்களை நன்கொடையாகத் தர விரும்புவோர் தயவுசெய்து முதலில் பட்டியலை மட்டும் அனுப்புங்கள். காலங்கடந்த பாடநூல்கள் மூட்டை மூட்டையாக வந்தால் அவற்றைப் பிரித்துப் பதிவு செய்யவும் கழித்துக் கட்டவும் ஆகும் உழைப்பு, அவற்றின் பயனைவிடப் பன்மடங்கு அதிகம். அரிய இதழ்த் தொகுப்புகள், ஆய்வேடுகள், கையெழுத்துப் படிகள் உங்களிடம் இருப்பின் நூலகப் பிரதிநிதி நேரில் வந்து பார்ப்பார்.

நன்கொடைகள் யாவும் பல்கலைக்கழக நிதி அலுவலர் பொறுப்பிலுள்ள தனி வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். குழு உறுப்பினர் எவரிடமும் ரொக்கமாகத் தர வேண்டாம். எவரேனும் அவ்வாறு கேட்டால் பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது அனுப்பப்படும். கட்டுமானப் பணிகளுக்கு வந்த தொகையும் நிலைநிதிக்கு வந்த தொகையும் தனித்தனியே காட்டப்பட்டு, வெளித் தணிக்கையாளரின் அறிக்கையோடு ஆண்டுக்கொரு முறை அனைவருக்கும் அனுப்பப்படும். எத்தலைப்புக்குத் தருகிறீர்கள் என்று குறிப்பிடாத தொகை நிலைநிதியிலேயே சேர்க்கப்படும். நூலகத் திட்டம் எக்காரணத்தாலேனும் கைவிடப்பட்டால், செலவாகாத தொகை நன்கொடையாளர் ஒப்புதலின்றி வேறு பணிக்குப் பயன்படுத்தப்படாமல் திருப்பித் தரப்படும்.

வரைபடங்களும் மதிப்பீட்டின் படியும் நிலைநிதி விதிகளும் பதிவாளர் அலுவலகத்தில் எவரும் பார்வையிடுவதற்கு வைக்கப்பட்டுள்ளன. கட்டுமானம், கணக்கு, சட்டம் ஆகிய துறைகளில் அனுபவமுள்ள முன்னாள் மாணவர்கள் அவற்றைப் படித்துப் பார்த்துக் குறைகளைச் சுட்டிக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். கீழ்த்தளத்துக்குக் காங்கிரீட் இடும் பணி அடுத்த கட்டமாகத் தொடங்கவிருப்பதால், அதற்கென உதவ விரும்புவோர் தங்கள் ஒப்புதலை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் பொறியாளர் திருத்திய வரைபடத்தை ஒப்பந்ததாரரிடம் உரிய காலத்தில் ஒப்படைக்க இயலும்.

இங்ஙனம்,
மைய நூலக வளர்ச்சி மற்றும் பராமரிப்பு நிதிக் குழு