முக்கொம்பில் எட்டுப் பெட்டிகள்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பிழைப்புக்காகத் திருச்சியை விட்டுச் சென்றாலும் ஆடிப் பதினெட்டை மறக்காத உறவுகளுக்கும் வணக்கம்.

முக்கொம்பு பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். ஊஞ்சல் ஆடுகிறார்கள், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிடுகிறார்கள், மாலையில் பஸ் ஏறிவிடுகிறார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது இங்கேதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம் என்று நம் பாட்டிமார் சொன்ன விளக்கம் நம்மோடு நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் எங்கள் குழு கூடியது.

பூங்காவுக்குள் எட்டு இடங்களில் சிறு பெட்டிகளை மறைத்து வைக்கப்போகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். பெட்டிக்குப் போகும் வழி ஓர் ஆற்றுக் கதைக்குள் விடுகதையாக ஒளிந்திருக்கும். கண்டுபிடித்த பிள்ளை பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்ளும்; தன் கையால் செய்து கொண்டுவந்த முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிக்கும்; பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே மறைத்துவிட்டு வரும். கைபேசி வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு பிறந்தது இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்னும் சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குளத்துக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்து ஊர் மேயர் ஒருவரின் ஆவி, குளத்து நீரைச் சல்லடையால் இறைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதாம். அது சல்லடைக்குள் ஆட்டுத்தோலை விரித்துக் குளத்தையே இறைத்துத் தீர்த்துவிட்டதாம். அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை கவிழ்த்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவா படுகிறது?

எங்கள் முதல் பெட்டியில் அந்தக் காக்கைதான் முத்திரை. இரண்டாவதில், விபீஷணரை ஏமாற்றிவிட்டு மலைக்கோட்டைக்கு ஓடிக் குட்டு வாங்கிய பிள்ளையார். மூன்றாவதில், ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்தில் ரங்கநாதர் காவிரிக்குக் கொடுக்கும் சீர். நான்காவது கதை அல்ல, நடந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடி, காவிரி மணல்மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836-இல் ஆர்தர் காட்டன் இங்கே கட்டிய மேலணைதான் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பியது. இதற்கு நல்ல விடுகதை எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. தண்ணீர் ஏன் வழிமாறியது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். ஐந்தாவது, 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் கதவணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இரவைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இப்போதே எழுதிவைக்க வேண்டும்.

மீதி மூன்றும் காலியாக இருக்கின்றன. பரிசல், காதோலை கருகமணி, பிள்ளைகள் இழுக்கும் சப்பரம், உங்கள் வீட்டில் மட்டும் சொல்லப்படும் கதை என்று எதுவானாலும் கொடுங்கள். அதுவும் நன்கொடைதான்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். எந்த விடுகதையும் தண்ணீர் ஓரத்துக்கோ மதகுப் பாலத்துக்கோ கூட்டிப்போகாது. இந்த ஆற்றில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளை நாங்கள் அறிவோம். நீர்வளத் துறையின் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அனுமதி வந்த பிறகே பெட்டிகள் உள்ளே போகும். வராவிட்டால் பணம் அப்படியே திரும்பும்.

மழையும் கரையானும் தொடாத எவர்சில்வர் டப்பா, முத்திரை, மை, நோட்டு என ஒரு பெட்டிக்கு ரூ. 1,500 ஆகும். எட்டுக்கும் ரூ. 12,000. விடுகதைப் புத்தகம் அச்சிட ரூ. 15,000. நனைந்த நோட்டுகளை மாற்ற முதல் ஆண்டுக்கு ரூ. 8,000. ஆக மொத்தம் ரூ. 35,000. குழுவினர் எங்களுக்குள் ரூ. 9,000 போட்டிருக்கிறோம். மீதி ரூ. 26,000-க்கு உங்களை நம்பியிருக்கிறோம். ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. மூடி இறுக்கமாக உள்ள பழைய டிபன் டப்பா இருந்தால் அதையும் வாங்கிக்கொள்வோம்.

ஞாயிறுதோறும் காலையில் பூங்கா நுழைவாயில் அருகே ரசீதுப் புத்தகத்துடன் இருப்போம். வரும்போது வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அழிரப்பரில் முத்திரை செதுக்க அங்கேயே கற்றுக்கொடுக்கிறோம்.