தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் உடல் முழுவதையும் பாருங்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசிக்கு வரும் கைக்குழந்தையின் உடலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தொடையை மட்டுமே. தாய் துணியை மேலே சுருட்டிப் பிடிப்பார், செவிலியர் ஊசி போடுவார், துணி மறுபடியும் இறங்கிவிடும். புதன்கிழமைக் கூட்டத்தில் அதற்கு மேல் நேரம் கிடைப்பதில்லை என்பது அங்கே பணியாற்றிய எவருக்கும் தெரியும். இருந்தாலும், அந்தத் துணியை முழுவதுமாக விலக்கி, உடலில் எத்தனை சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழந்தைநல மருத்துவனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புள்ளிகள் ஹீமாஞ்சியோமா எனப்படும் ரத்தநாளக் கட்டிகளாக இருக்கலாம். 100 சிசுக்களில் 4 அல்லது 5 பேருக்கு இது தோலில் வருகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைந்தவர்களுக்கும், பெண் குழந்தைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது. பலர் இதை மச்சம் என்று விட்டுவிடுவார்கள். சில வீடுகளில் பழி கிரகணத்தின் மேல் விழும். பெரும்பாலானவை சில மாதங்கள் வளர்ந்து, பின்னர் தாமாகவே சுருங்கிவிடுவதால், விட்டுவிடுவதில் பெரிய தவறும் இல்லை. ஆனால் தோலில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தால் கல்லீரலிலும் இருக்கக்கூடும் என்பதால், அத்தகைய குழந்தைக்கு வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

கல்லீரலில் வருவதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒற்றைக் கட்டியாக இருப்பது பெரும்பாலும் கருவிலேயே வளர்ந்து முடிந்து, பிறந்தபின் சுருங்குவது. இரண்டாவது வகையில், இடையிடையே நல்ல கல்லீரல் இருக்க, பல கட்டிகள் தனித்தனியாக இருக்கும். இவற்றில் பலவும் தொந்தரவு தராதவை. மூன்றாவது வகையில் கல்லீரல் முழுவதையுமே கட்டிகள் அடைத்துக்கொள்ளும். வயிறு வீங்கி மூச்சை அழுத்தும். தமனியிலிருந்து சிரைக்குக் குறுக்குவழியாக ரத்தம் பாய்வதால் இதயம் அளவுக்கு மீறி உழைத்துத் தளர்ந்துபோகும். பால் குடிக்கையில் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும்.

இதைவிட எளிதில் நம் கண்ணுக்குத் தப்புவது தைராய்டு குறைபாடு. இந்தக் கட்டிகள் தைராய்டு ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியை ஏராளமாக உருவாக்குகின்றன என்பது 2000இல் கண்டறியப்பட்டது. சுரப்பி நன்றாக இருந்தாலும், அது சுரப்பதையெல்லாம் கட்டி தின்றுவிடுகிறது. ஈடுகட்ட, அந்த ஹார்மோனையே மருந்தாகத் தரும் தைராக்ஸின் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தேவைப்படலாம். பிறந்தவுடன் எடுத்த தைராய்டு பரிசோதனை சரியாக இருந்தது என்று கோப்பை மூடிவிட முடியாது, ஏனென்றால் அப்போது கட்டியே வளர்ந்திருக்காது.

நோயைப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். ஸ்கேனில் கல்லீரல் கட்டி என்று வந்ததும் கல்லீரல் புற்றுநோயில் ரத்தத்தில் உயரும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தை அளந்து, அது உயர்ந்திருப்பதைக் கண்டு புற்றுநோய் என்று பெற்றோரிடம் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த அளவு மிக உயர்வாகவே இருக்கும். வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தோலிலும் கல்லீரலிலும் அடையாளங்கள் தெளிவாகப் பொருந்தியிருக்கும்போது, ரத்தம் பெருகும் உறுப்பில் ஊசி செலுத்தித் திசு எடுக்கப் பெரும்பாலும் தேவையே இருக்காது.

மூச்சுக்குழாயில் வருவது இன்னும் அரிது, ஆனால் அவசரமானது. தாடி வளரும் பகுதியில் சிவப்புப் படர்வு உள்ள சிசுவுக்கு மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அதைச் சளி என்று எண்ணக் கூடாது. ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு நாள் தணிந்துவிட்டு மறுபடி வருவதுதான் நம்மை ஏமாற்றும்.

முன்பு ஸ்டீராய்டு, இன்டர்ஃபெரான், அறுவை சிகிச்சை என்று போராடிய இந்த நோய்க்கு, 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்குக் கொடுத்த புரொப்ரானலால் என்ற மருந்து அதன் மூக்குக் கட்டியை மறுநாளே மென்மையாக்கியதைக் கண்டு வழி காட்டினார்கள். விலை குறைந்த பழைய மருந்து அது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை, இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே வழக்கமான அளவு. நடைமுறைச் சிக்கல் இங்கேதான்: 4 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிகிராம் வேண்டுமென்றால், 10 மில்லிகிராம் மாத்திரையைத் தாய் பொடித்து, 10 மில்லி நீரில் கரைத்து, அதில் 4 மில்லியை அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கவனமான தாயும் தூக்கக் கலக்கத்தில் இதில் பிசகலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். பிரசவ அறையில் பார்த்தால் இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தென்படாது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் நடமாடும் குழுவின் கண்ணில் படும்போது, 3 மாதத்திலேயே இறுதி அளவின் 80 விழுக்காட்டை எட்டிவிடும் கட்டி வளர்ந்து முடிந்திருக்கும். 6ஆம் வாரத் தடுப்பூசி நாளே பொருத்தமான நாள். அன்று எண்ணிக்கையைத் தாய்சேய் நலப் புத்தகத்தில் பதிய ஒரு கட்டம் அச்சிடுங்கள். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வாரத்துக்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஸ்கேனும், கல்லீரலில் கட்டி தெரிந்தால் தைராய்டு பரிசோதனையும் நடக்க ஆணையிடுங்கள். மருந்தைத் திரவமாகத் தயாரித்து, அளவுகோடிட்ட சிரிஞ்சுடன் மாவட்ட மருந்தகங்களிலேயே கிடைக்கச் செய்யுங்கள். குழந்தை பால் குடித்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்தாலோ பால் மறுத்தாலோ ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் புட்டியின் மேலேயே தமிழில் ஒட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
மாவட்டம் ஒன்றில் பணியாற்றும் குழந்தைநல மருத்துவர்