டிசம்பர் பூவுக்கு இன்னொரு பெயர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத் தோட்டம் பகுதியில் டிசம்பர் பூவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாற்பது வருஷமாக அந்தச் செடியோடு குடித்தனம் பண்ணுகிறவள் நான், அதனால் இரண்டு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் படம். நீங்கள் போட்டிருப்பது டிசம்பர் பூவே இல்லை, மெக்சிகன் பெட்டூனியா. ஊதா நிறத்தைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், கனகாம்பரமும் நீலக்குறிஞ்சியும்கூட அதே குடும்பம். ஆனால் அந்தப் பெட்டூனியாவுக்கு இலை அரளி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும், வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூத்துக்கொண்டும் இருக்கும். டிசம்பர் பூவை அடையாளம் கண்டுபிடிக்கப் பூவைப் பார்க்காதீர்கள், பூவுக்கு அடியில் பாருங்கள். ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி முள் வைத்த பச்சைச் செதில்கள் கொத்தாக இருக்கும். விடியற்காலைப் பனியில் பூப்பறிக்கப் போனால் முதலில் விரலில் குத்துவது அதுதான். பூவை மட்டும் மெதுவாக இழுத்தால் நீளக் குழலோடு வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிடும், முள் கொத்து செடியிலேயே நிற்கும். பறித்துப் பழகாதவர்கள் கொத்தோடு பிடுங்கிவிட்டுக் கையை உதறுவார்கள்.

இப்போது பெயர் விஷயம். இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் இல்லை, இனி மார்கழிப் பூ என்று அழைப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் சார். கணக்கே இடிக்கிறது. டிசம்பர் முதல் பாதி கார்த்திகை, பதினாறு பதினேழு தேதி வாக்கில்தான் மார்கழி பிறக்கிறது. எங்கள் வீட்டுச் செடி ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் மொட்டு விட ஆரம்பித்து, கார்த்திகை தீபத்துக்கு நன்றாகப் பூத்து, தை கடைசி வரை விடாமல் பூக்கும். அதை மார்கழிக்குள் அடைத்தால் முன்னாலும் பின்னாலும் வெட்ட வேண்டியிருக்கும். டிசம்பர் என்றாலும் அதே கதைதானே என்று கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் அந்தச் சொல் இப்போது மாதத்தை விட்டுக் கழன்று பூவுக்கே பெயராகிவிட்டது. பூக்காரம்மாவிடம் யாரும் டிசம்பர் பூ என்றுகூட முழுசாகக் கேட்பதில்லை. “டிசம்பர் ஒரு முழம் எவ்வளவு?” அவ்வளவுதான். பிப்ரவரி மாசம் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “இந்த வருஷம் டிசம்பர் நின்னு பூக்குதுக்கா” என்பார்கள், அதில் ஒரு குழப்பமும் யாருக்கும் வராது. அந்த மாதத்தின் பெயரே முறையான பெயர் இல்லை என்பது வேறு விஷயம். லத்தீனில் டெசெம் என்றால் பத்து, பழைய ரோமானியக் கணக்கில் அது பத்தாவது மாதம், நாம் பன்னிரண்டாவதாக வைத்துக்கொண்டு இருக்கிறோம். அதற்காக யாராவது அந்தப் பெயரை மாற்றினார்களா?

பூக்கும் நேரத்தை வைத்துப் பெயரிடுவது நம் ஊர் வழக்கம்தான். அந்திமந்தாரை என்கிறோம், பத்துமணிப் பூ என்கிறோம். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பக்கமிருந்து வந்த செடிகள், எப்போது விரிகிறது என்று பார்த்து நம் ஜனங்கள் பெயர் கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். டிசம்பரில் ஒரே வேடிக்கை என்னவென்றால் இங்கே செடி நம்முடையது, இந்தியா, பர்மா, தென் சீனா எல்லாம் அதற்குச் சொந்த மண், மாதத்தின் பெயர்தான் வெளியூர். அதனால் என்ன? கனகாம்பரம் என்றால் பொன் ஆடை என்று வடமொழியில் பொருள், நம் தலையில் இருக்கும் கனகாம்பரமோ ஆரஞ்சு. அதற்கு யாரும் புதுப் பெயர் தேடிக்கொண்டு போகவில்லையே.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. போன ஆடியில் மகளோடு ஒரு நர்சரிக்குப் போனேன். பிலிப்பைன் வயலட் என்று அட்டை குத்திய தொட்டிக்கு நூற்றைம்பது ரூபாய் சொன்னார்கள். பூ இல்லாத காலம், வெறும் இலைதான், என்னவோ புது ரகம் என்று நானும் வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நவம்பர் கடைசியில் பூத்தது பார்த்தால், கொல்லைப்பக்கம் வேலி நெடுகப் பூத்து நிற்கிற அதே டிசம்பர்! பிலிப்பைன்ஸ் அதற்குத் தாய் வீடும் இல்லை, வயலட் செடிக்கு அது சொந்தமும் இல்லை. மகள் இன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆடியில் அந்தச் செடியைப் பார்த்தால் யாருக்கும் மதிப்பு வராது என்பது உண்மை. களை மாதிரி நிற்கும். மல்லிகை, செம்பருத்தி எல்லாம் அதனதன் காலத்தில் பூத்துக் காட்டிக்கொண்டிருக்க, இது ஒன்பது மாசம் சும்மா நிற்கிறதே, வெட்டி எறியலாமா என்று மருமகள்கூட ஒரு வருஷம் கேட்டாள். பூத்து முடிந்ததும் மாசியில் ஒட்ட வெட்டிவிட வேண்டும், அந்தக் குச்சியை ஈர மண்ணில் ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும். குச்சி நடாவிட்டாலும் காய் காய்ந்து பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அடுத்த மழைக்கு அங்கங்கே கன்று முளைத்திருக்கும். வாசனை கிடையாது, வைத்த பூ சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரையாண்டுப் பரீட்சைக்குப் போகிற பெண் பிள்ளைகளின் ரெட்டைச் சடையில் ஊதாவும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டிய சரத்தைப் பார்த்தவர்கள் வாசனையைக் கேட்கமாட்டார்கள்.

அடுத்த இதழில் படத்தை மாற்றிப் போடுங்கள். ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட ரகம் என்னிடம் இருக்கிறது, மாசியில் வெட்டும்போது வேண்டுமானால் உங்கள் அலுவலக மாடிக்குக் குச்சி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி