வாடகை விமானம்: சீட் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் சீசனில் குமரி மாவட்டத்தார் திருவனந்தபுரத்தில் ஏறும் வளைகுடா விமானம், டிக்கெட்டில் உள்ள கம்பெனிக்கே சொந்தமானதாக இருக்க வேண்டியதில்லை. இன்ஜின் பாகங்கள் செய்யும் உலோகத்தூளில் 2023இல் தெரியவந்த குறைபாட்டால், ஏர்பஸ் ஏ320 நியோ ரக விமானங்களின் பிராட் அண்ட் விட்னி நிறுவன இன்ஜின்கள் சோதனைக்காகக் கழற்றப்பட்டன. விமானத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பல கம்பெனிகள் 'வெட் லீஸ்' முறையில், அதாவது பணியாளர்களோடு சேர்த்து, விமானங்களை வாடகைக்கு எடுத்தன. இதில் விமானம், பணியாளர்கள், பராமரிப்பு, காப்பீடு நான்கும் உரிமையாளர் பொறுப்பு. எரிபொருளும் விமான நிலையக் கட்டணமும் வாடகைக்கு எடுத்தவர் செலவு.

சிக்கல் சீட் எண்ணிக்கையில்தான். 186 விற்றபின் 180 சீட் விமானம் வந்தால் ஆறு பேர் வெளியே. விசா முடியும் நாளில் கிளம்புபவர் என்ன செய்வார்? இடம் மறுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் கிடைக்காவிட்டால் டிஜிசிஏ (மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி இழப்பீடு உண்டு: 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ரூ.10,000 வரை, தாண்டினால் ரூ.20,000 வரை. இடம் மறுக்கப்பட்டதைக் கவுன்டரிலேயே எழுதி வாங்குங்கள். விமானம் மாறினால் கம்பெனிகள் முந்தைய நாளே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

- விமானப் பராமரிப்புப் பணியாளர்கள், தக்கலை