நுரையீரல் இல்லாத அந்தச் சின்ன உயிர்

நாக்ஸ்வில், டென்னசி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மழை தொடங்கியதும் மறுபடி இளைப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்திலேயே வை. இங்கே எல்லோரும் நலம். பேரன் தமிழில் பத்து வரை எண்ணுகிறான்.

போன சனிக்கிழமை மகளும் மருமகனும் என்னைக் கிரேட் ஸ்மோக்கி மலைக்கு அழைத்துப்போனார்கள். மேலே ஏற ஏற ஒரே மேகம். மரமெல்லாம் பாசி, பாறையெல்லாம் ஈரம். பாதையோரம் கிடந்த உளுத்த கட்டையின்மேல் ஒரு சாலமாண்டர் இருந்தது. தவளைக்கு உறவான, வாலுள்ள சின்ன உயிர் அது. முதலில் பல்லி என்றே நினைத்தேன். நடுவிரலைவிடச் சற்று நீளம், கரிய உடம்பு, இரண்டு கன்னங்களிலும் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த வகை கிடையாது.

குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலா ஏறி இறங்கவே இல்லை. தாடைக்கு அடியில் தொண்டைத் தோல் மட்டும் படபடவென்று துடித்தது. எனக்கு உடனே உன் நினைவுதான் வந்தது. "பாவம், இதற்கும் மூச்சு வாங்குகிறது" என்றேன். "இதற்கு நுரையீரலே கிடையாது அம்மா" என்றாள் மகள்.

நம்ப முடியாமல், வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். பி.யூ.சி.யில் நாம் தவளையை அறுத்தபோது, அது தோலாலும் சுவாசிக்கும் என்று டீச்சர் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? தவளைக்கு நுரையீரலும் உண்டு. இதற்கோ தோலும் வாயின் உட்புறமும்தான் எல்லாம். தோலுக்கு அடியிலேயே மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள். தோலின்மேல் இருக்கும் ஈரத்தில் காற்றின் ஆக்சிஜன் கரைந்து இரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு அதே வழியில் வெளியேறுகிறது. தொண்டை துடிப்பது வாய்க்குள் புதுக் காற்றை இழுக்கத்தான். உடம்பு ஒல்லியாக இருப்பதால் இவ்வளவு தோல் போதுமானதாக இருக்கிறது. ஓடியாடாமல் கிடப்பதால் தேவையும் குறைவு. உலகத்துச் சாலமாண்டர் வகைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி நுரையீரல் இல்லாதவை என்றால் பார்த்துக்கொள்.

தோல் காய்ந்தால் மூச்சு அடைத்துவிடும். அதனால்தான் வெயில் ஏறியதும் கல்லடியிலும் சருகடியிலும் போய் ஒடுங்கிக்கொள்கிறது. இரவிலும் மழையிலும் வெளியே வருகிறது. பேரன் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியபோது மருமகன் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவன் கையெல்லாம் கொசு மருந்து தடவியிருந்தோம். நம் கையிலிருக்கும் எதுவும் அந்த மெல்லிய தோல் வழியே உள்ளே போய்விடும். கல்லைக்கூடப் புரட்டக்கூடாது. அதுதானே அதன் வீடு.

இன்னொன்றையும் படித்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. முட்டைக்குள் கருவாக இருக்கும்போது இந்தக் குடும்பத்துச் சாலமாண்டர்களுக்கும் நுரையீரல் அரும்பத் தொடங்குகிறதாம். சிறிது காலம் வளர்ந்து, பிறகு தானாகவே கரைந்துபோகிறதாம். 2022-இல் வெளிவந்த ஆய்வு இது. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் கைவிட்டதை அந்தக் கரு இன்னும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது, செல்வி.

மகள் எடுத்த படத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கன்னத்தைப் பெரிதாக்கிப் பார். தை பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிடுவேன். அதுவரை இராத்திரியில் தலையணையைச் சற்று உயர்த்திவைத்துப் படு. இளைப்பு எப்படி இருக்கிறதென்று உடனே எழுது.

அன்புடன்,
பார்வதி