என் குரலைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

குரல்நாண்களில் முடிச்சுகள் தோன்றியதால் ஏழு மாதங்கள் பாடமுடியாதிருந்த நான், சென்ற வெள்ளிக்கிழமை இணுவிலில் நடைபெற்ற ஒலிப்பதிவொன்றில் மீண்டும் ஒலிவாங்கியின் முன் நின்றேன். அதற்குத் துணைநின்றவர்களுக்கு இம்மடலின் வழியாக என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் 1991 இல் கோரஸ் பாடத் தொடங்கினேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரினால் மின்சாரம் இல்லாத காலம் அது. மின்பிறப்பாக்கியை வளவின் கோடியில் வைத்து, மண்ணெண்ணெய் வீணாகாதபடி பகல் முழுவதும் ஒத்திகை பார்த்து, பதிவு செய்யும் வேளையில் மாத்திரம் அதனை இயக்குவார்கள். ஆகவே ஒருவர் பிழைவிட்டால் எல்லோருடைய எண்ணெயும் போய்விடும். அந்த அச்சத்தில் நடுங்கி நின்ற எனக்குத் தொழிலைக் கற்பித்தவர், என்னோடு பாடிய மூத்த அக்கா ஒருவர். கனத்த குரலுடையவர் ஒலிவாங்கியிலிருந்து அரையடி பின்னே நிற்கவேண்டும் என்பதையும், சொல்லின் ஈற்றிலே வரும் மெய்யெழுத்தை ஒருவர் மாத்திரம் தெளிவாக முடிக்க மற்றவர்கள் மெல்ல விட்டுவிடவேண்டும் என்பதையும், நீண்ட கார்வையில், அதாவது ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும் இடத்தில், கோரஸ் பாடும் மூவரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டில் பள்ளம் விழும் என்பதையும் அவரே சொல்லித்தந்தார். தனக்கென்று ஒரு கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அழகை, சேர்க்காமல் பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவது தனியே பாடுவதிலும் கடினம் என்பது என் உறுதியான எண்ணம். 1995 இல் போரினால் நேர்ந்த இடப்பெயர்வில் பிரிந்து இன்று கனடாவில் வாழும் அவர், நான் பேசக்கூடாதிருந்த நாட்களில் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துத் தாமே பேசினார். நான் விரலால் தட்டுவதையே மறுமொழியாக ஏற்றுக்கொண்டார்.

ஒலிநாடா உறைகளில் எங்கள் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெற்றதில்லை; அது இன்றும் எனக்கு வலிக்கிறது. அந்நாளிலேயே மூன்று கோரஸ் பாடகிகளின் பெயர்களையும் அச்சிடச் செய்த இசையமைப்பாளரை நான் மறவேன்.

குசுகுசுத்துப் பேசுவதும் குரல்நாண்களை வருத்தும் என்று எச்சரித்து, நீரில் குழாயை வைத்து ஊதியபடி சுரம்பிடிக்கும் பயிற்சியைப் பொறுமையுடன் பழக்கிய பேச்சுச் சிகிச்சையாளருக்கும், என்னைப் பரிசோதித்த வைத்தியருக்கும், என் கையெழுத்தைப் படித்தே வீட்டை நடத்திய கணவருக்கும் நன்றி.

எல்லோரிலும் மேலாக, என்னுடன் பாடும் தங்கைமார் இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். என் இடத்துக்கு வேறொருவரை அழைக்காமல், ஒரே வரியை இருமுறை பாடிப் பதிந்து நான்கு குரலாக்கிச் சமாளித்த அவர்கள், கிடைத்த ஊதியத்தை மூன்றாகப் பிரித்து என் பங்கை மாதந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் உள்ளே சென்றபோது, அவர்கள் ஒலிவாங்கியின் இடப்புறத்தில், அரையடி பின்னே, எனது இடத்தை விட்டுவைத்து நின்றிருந்தார்கள்.

நன்றியுடன்,
கோரஸ் பாடகி ஒருத்தி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.